ஒத்தைக்கண் துரையின் துவக்கு

பதுளை கீழ் வீதியில் இருந்த காமில் முதலாளியின் துவக்குக் கடைக்குச் சனிக்கிழமைப் பின்னேரங்களில் வருகிறவர்கள் எதையும் வாங்க வருவதில்லை. பார்க்க வருவார்கள். தோட்டத்துச் சின்னத்துரைமார், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்து உத்தியோகத்தர், ஆஸ்பத்திரி டொக்டர், இவர்கள் எல்லாருக்கும் முந்தி வந்து நல்ல நாற்காலியில் உட்காருகிற புரொக்டர் ஸரூக். காமில் கண்ணாடி அலுமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து, மேசையில் விரித்த பச்சைக் கம்பளித் துணியில் வைப்பார். மரக்கட்டை குழலின் நுனிவரைக்கும் ஓடுகிற மெல்லிய ஒஸ்திரிய ரைபிள். உருக்கு நாடாக்களை முறுக்கி அடித்துச் செய்த, மேலெல்லாம் தண்ணீர்ச் சுழி போலக் கோலம் தெரிகிற பழைய இரட்டைக்குழல். கொழும்பு ஏலத்தில் எடுத்த, இப்போது தோட்டா கூடக் கிடைக்காத ஒரு மரைமான் வேட்டைத் துவக்கு.

ஸரூக் ஒரு துவக்கைக் கையில் எடுத்தால் முதலில் பார்ப்பதில்லை, கேட்பார். குழலை மடித்துத் திறந்து மெல்ல மூடி அந்தச் சத்தத்துக்குக் காதைக் கொடுப்பார். "நானா, இது துவக்கு மூடுற சத்தமில்ல. நல்ல வீட்டுக் கதவு மூடுற சத்தம்" என்பார். காமிலுக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஐந்தாம் வகுப்போடு நின்றவர் அவர். நீதவானுக்கு முன்னால் வழக்குப் பேசுகிற வாய் தன் கடையில் வந்து இப்படிப் பேசுகிறது என்பதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சமல்ல.

அலுமாரியில் ஒன்று மட்டும் எல்லாருக்கும் வேடிக்கை. ஸ்பிரிங்வெளிக்கு அந்தப் பக்கம் பெல்ஹேவன் தோட்டத்தில் ஹார்கிரீவ் துரை என்று ஒருவர் இருந்தார். பர்மா யுத்தத்தில் வலது கண்ணை இழந்தவர். தோட்டத்து ஆட்கள் ஒத்தைக்கண் துரை என்பார்கள். வலது தோளில் வைத்துச் சுட்டே பழகியவர் இடது தோளுக்கு மாறிப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் லண்டனில் ஒரு கம்பெனிக்குச் சொல்லி, வலது தோளில் வைத்து இடது கண்ணால் குறி பார்க்கும்படியாக ஓர் இரட்டைக்குழல் ரைபிள் செய்வித்தார். துரையின் கையையும் கழுத்தையும் முகத்தையும் அளந்து அனுப்பியது காமில்தான். தோளில் முட்டுகிற இடம் ஒரு பக்கம், குழல் இன்னொரு பக்கம். நடுவில் கட்டை கன்னத்துக்கு முன்னால் ஒரு வளைவு எடுத்துத் திரும்பும். வால்நட் மரம். வளைவோடு சேர்ந்து மரத்தின் ரேகையும் வளைந்து ஓடும். பூட்டுத் தகட்டில் மூங்கில் புதருக்குள் நிற்கும் மரை ஒன்றைச் செதுக்கியிருந்தார்கள். அதன் காது மடலில் மயிர் தெரியும்.

துரை சீமைக்குப் போகும்போது, விற்றால் விற்றுக்கொள் என்று அதைக் காமிலிடம் விட்டுவிட்டுப் போனார். எடுத்துப் பார்த்த எல்லாரும் வேலைப்பாட்டைப் புகழ்ந்தார்கள். தோளில் வைத்தார்கள். குழல் வேறெங்கேயோ பார்த்தது. சிரித்துவிட்டுத் திருப்பி வைத்தார்கள். அதற்குக் கோணக் கழுத்து என்று பெயரும் வைத்தார்கள்.

"அழகெண்டா இதுதான் நானா" என்பார் ஸரூக். "என்ன செய்ற, அல்லாஹ் எனக்கு ரெண்டு கண்ணக் குடுத்துட்டானே."

அறுபத்தொன்பதாம் வருஷம் அப்படி ஒரு சனிக்கிழமைதான் கணபதி கடைக்கு வந்தான். பெல்ஹேவன் தோட்டத்தில் பன்றிக் காவல் அவன் வேலை. தோட்டத்துத் துவக்கைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, பெரிய கிளாக்கர் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டோடு பழுதுபார்க்க வந்திருந்தான். சில வருஷங்களுக்கு முந்தி ஒரு விடிகாலையில் பன்றியைத் துரத்திக்கொண்டு போய், புதிதாகக் கவ்வாத்து வெட்டிய மலையில் தடுக்கி விழுந்தவன். சீவி நின்ற தேயிலைக் குச்சி வலது கண்ணில் ஏறிவிட்டது. அதற்கு முன்னால் அவன் குறி தப்பியதில்லை. அதற்குப் பிறகு ஒன்றும் பட்டதில்லை. வெடித்துச் சத்தம் காட்டுவதோடு சரி.

வாசலில் நின்றவனை ஸரூக் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். பிறகு காமில் பக்கம் திரும்பினார்.

"நானா, அந்தக் கோணக் கழுத்த எடுத்து இவனுக்கிட்டக் குடுங்க பாப்பம்."

நாற்காலிகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கணபதி ஓர் அடி பின்னால் போனான்.

"வேணாங்க. வெல கூடின சாமானு. கை தவறிட்டா நான் எங்கங்க போவேன்?"

"ஒண்டும் ஆகாது. புடி" என்றார் காமில்.

அவன் வேட்டியில் இரண்டு கையையும் துடைத்துவிட்டு வாங்கினான். துவக்கு தோளுக்குப் போன விதத்திலேயே காமிலுக்குத் தெரிந்துவிட்டது. அவன் தேடவில்லை, கழுத்தைச் சாய்க்கவில்லை. கட்டை தானாகப் போய்க் கன்னத்தில் உட்கார்ந்தது. இடது கண்ணுக்கு நேரே இரண்டு குழலும் ஒரே கோடாக நின்றன. எதிர்க்கடைக் கூரையில் ஒரு காகம் இருந்தது. அது எழும்பிப் பறந்தபோது குழலும் அதோடு போயிற்று.

சிரிப்பு நின்றுவிட்டது.

"எப்பிடி இருக்கு?" என்றார் காமில்.

"நேரா இருக்குங்க." அவன் துவக்கை இறக்கவில்லை. "இப்பிடி நேராப் பாத்து ரொம்ப நாளாச்சுங்க மொதலாளி."

அவன் போன பிறகு காமில் ஸரூக்கைக் கேட்டார், அந்த மனிதனுக்கு ஒரு லைசன்ஸ் எடுத்துக் கொடுக்க வழியில்லையா என்று. துவக்கைச் சும்மா கொடுத்தாலும் தனக்குச் சம்மதம் என்றார். ஸரூக் வாய்விட்டுச் சிரித்தார். "பிரஜாவுரிமை இல்லாத தோட்டத்து ஆளுக்கு ரைபிள் லைசன்ஸா? கச்சேரிக்குப் போய்க் கேட்டா, என்னையும் இவனோட சேத்துக் கப்பலேத்தி அனுப்பிடுவானுவள்."

அடுத்த வருஷம் பெல்ஹேவன் பக்கம் ஒரு சிறுத்தை வந்தது. தோட்டத்து ஆட்களுக்கு அது புலி. முதலில் தொழிலாளர் குடியிருந்த லயத்து நாய்களை எடுத்தது, பிறகு மாட்டுப்பட்டியில் கன்றுகளை. ஒருநாள் மலை உச்சியில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ராசம்மா என்பவளின் முதுகைப் பிய்த்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கச்சேரியில் அசைந்தார்கள். வேட்டைக்காரர் என்று பெயர் எடுத்த ஸரூக்குக்கு விசேஷ அனுமதி கிடைத்தது. கோணக் கழுத்தையும் அவர் தன் பெயரில் எழுதி எடுத்துக்கொண்டார். "கணபதி வழி காட்ட வரட்டும். அது அவன் கையில இருக்கட்டும். எப்பிடிப் பிடிக்கிறான் எண்டு பாக்க ஆசையா இரிக்கி" என்றார். காமிலும் கூடப் போனார்.

செத்துக் கிடந்த கன்றுக்கு மேலே ஒரு பாறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் சிறுத்தை வந்தது. ஸரூக் கடையிலிருந்து எடுத்து வந்த ஒஸ்திரிய ரைபிளால் சுட்டார். அவசரப்பட்டுவிட்டார். குண்டு பின்காலில் பட்டது. அது உருண்டு எழும்பி, சத்தம் வந்த திசையைப் பார்த்து, நேரே பாறைமேல் ஏறி வந்தது. ஸரூக் அடுத்த தோட்டாவைப் போடப் பார்த்தார். கை நடுங்கிற்று. தோட்டா கல்லில் விழுந்து உருண்டது. காமில் கண்ணை மூடிக்கொண்டு கலிமா சொன்னார். அந்த நேரம் அவர் காதுக்குப் பக்கத்தில் இரண்டு வெடி கேட்டது.

கண்ணைத் திறந்தபோது, கை நீட்டினால் மீசையைத் தொடலாம் போல அது கிடந்தது. கணபதி துவக்கைத் தோளிலிருந்து எடுக்காமலே நின்றான். "செத்துருச்சுங்க" என்று மெல்லச் சொன்னான். ஸரூக் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். காமில் அதைப் பார்த்தார்.

மறுநாள் பதுளையிலிருந்து போட்டோக்காரர் வந்தார். காலையில் ஆட்களைக் கூட்டுகிற பெரட்டுக்களத்தில் சிறுத்தையை நீட்டி வைத்தார்கள். "அந்த வேலப்பாடுள்ள துவக்கப் பிடிங்க சேர், படத்துல வடிவா விழும்" என்றார் போட்டோக்காரர். ஸரூக் கோணக் கழுத்தை வாங்கி, கட்டையை வளைவு மறையக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சிறுத்தையின் மேல் ஒரு காலை வைத்து நின்றார். கணபதி ஓரமாக நின்றிருந்தான். படத்தில் அவன் இல்லை.

"நீ சுட்டாய் எண்டு வெளிய பேசாத" என்று ஸரூக் அவனிடம் சொன்னார். "லைசன்ஸ் இல்லாதவன் சுட்டாண்டு தெரிஞ்சா ஒனக்குத்தான் கரைச்சல்."

"நான் எதுக்குங்க பேசுறேன். புலி செத்துச்சு, அது போதும்."

படம் பத்திரிகையில் வந்தது. அதில் ஒரு பிரதியைச் சட்டம் போட்டு ஸரூக்கே கடைக்குக் கொண்டுவந்து, அலுமாரிக்கு மேலே மாட்டச் சொன்னார். காமில் மாட்டினார். துவக்கும் அங்கேயேதான் இருந்தது. வருகிறவர்களுக்குக் காட்ட அதுதான் வசதி என்றார் ஸரூக். கணபதி தோட்டா வாங்க வருகிற நாட்களில், கடையில் யாரும் இல்லாவிட்டால், காமில் அதை எடுத்து அவன் கையில் கொடுப்பார். அவன் தோளில் வைத்து வீதியைப் பார்ப்பான். எதிர்க்கடை, தபால் கம்பம், தூரத்து மலை. பிறகு அவன் துடைத்துத் திருப்பிக் கொடுப்பான். காமிலுக்கு அந்தக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தது.

லயத்தில் யாருக்குத்தான் தெரியாது? அவன் மனைவி பாக்கியலெட்சுமிக்கு அவனே சொல்லியிருந்தான். அந்தத் துவக்கின் கழுத்து எப்படி வளைந்திருக்கும் என்று அகப்பைக் காம்பை வைத்துக் காட்டியிருந்தான். தீபாவளிக்குக் குடித்தவர்கள் கணபதி புலி சுட்ட கதையைப் பாட்டாகவே பாடினார்கள்.

எழுபத்தொன்றாம் வருஷம் ஏப்ரலில் நாடெங்கும் சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சி வெடித்தது. வெல்லவாயப் பக்கம் பொலிஸ் நிலையத்தையே தாக்கிவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். லைசன்ஸ் உள்ள துவக்குகளையெல்லாம் ஒப்படைக்கச் சொன்னார்கள். காமிலின் அலுமாரி ஒரே காலையில் காலியாயிற்று. மெல்லிய ரைபிளையும் கோலம் போட்ட குழலையும் விறகுபோல லொறியில் எறிந்ததை அவர் வாசலில் நின்று பார்த்தார். கோணக் கழுத்தும் அதில் போயிற்று.

அடுத்த வாரம் பெல்ஹேவன் தோட்டத்துக்கு ஒரு பொலிஸ் ஜீப் வந்து கணபதியை ஏற்றிக்கொண்டு போயிற்று. புலி சுடுகிற ஆள் ஒருவன் லயத்தில் இருக்கிறான், கிளர்ச்சிக்காரருக்குச் சுடப் பழக்குகிறான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. எந்தத் துவக்கில் சுட்டாய் என்று கேட்டார்கள். அவன் உள்ளதைச் சொன்னான். புரொக்டர் ஐயா பெயரில் இருந்த துவக்கு, காமில் முதலாளி கடையில் இருந்தது, அவர்கள்தான் கையில் கொடுத்தார்கள்.

அன்று பின்னேரமே ஸரூக் கடைக்கு ஓடி வந்தார். கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"என்னட்ட வந்துட்டாங்க நானா. கணபதி எண்டு ஒரு ஆளுக்கு நான் துவக்கு குடுக்கவே இல்ல எண்டு சொல்லிட்டேன். ஒங்களிட்டயும் வருவாங்க. ஒரே சொல்லா இரிக்கணும்."

"அவன் சுடாட்டி நீங்களும் நானும் இண்டைக்கு இல்ல, ஸரூக்."

"நான் இல்லண்டு சொல்றேனா? ஆனா இப்ப நேரம் எப்பிடி? அவசரகாலச் சட்டம். லைசன்ஸ் இல்லாதவன் கையில ரைபிள் குடுத்தது நாங்க ரெண்டு பேரும். என்ட தொழில் போகும். ஒங்கட கடைக்குப் பூட்டு விழும். ஒங்களையும் உள்ளுக்குப் போடுவாங்க. அவனச் சும்மா ரெண்டு நாள் வெச்சிருந்துட்டு விட்டுருவாங்க. தோட்டத்து ஆள வெச்சிக்கிட்டு என்ன செய்யப் போறாங்க?"

மறுநாள் ஓர் அதிகாரி வந்தார். காலியான அலுமாரிக்கு முன்னால் நின்று, மேலே இருந்த படத்தை அண்ணாந்து பார்த்தார். இந்தப் புலியைச் சுட்டது யார் என்று சிங்களத்தில் கேட்டார். புரொக்டர் மாத்தயா என்றார் காமில். கணபதி என்பவனுக்கு இந்தக் கடையில் எப்போதாவது ரைபிள் கொடுத்தீரா? இல்லை. அவன் அதைத் தொட்டதுண்டா? தோட்டத்துத் துவக்கைப் பழுதுபார்க்கக் கொண்டுவருவான், அவ்வளவுதான், வேறொன்றையும் தொட்டதில்லை. அதிகாரி தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

காமில் சொன்னது கணபதியை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் புரிந்திருக்கும். புரொக்டரின் துவக்கை அவன் தொடவில்லை என்றால், அவன் சுட்டுப் பழகிய துவக்கு வேறு. அப்படியானால் அது எங்கே? லயத்து அறையின் சுவரை இடித்துத் தேடினார்கள். மாட்டுப்பட்டியைத் தோண்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதது அவனுக்கு இன்னும் கெடுதலாகப் போயிற்று. ஒளித்த இடத்தைச் சொல் என்று நாள்தோறும் கேட்டார்கள்.

வைகாசி மழையில் நனைந்துகொண்டு பாக்கியலெட்சுமி கடைக்கு வந்தாள். அவளைக் காமில் அதற்கு முன் கண்டதில்லை. தான் யார் என்று அவளே சொன்னாள்.

"அவுக கையில இருந்த துவக்கு இந்தக் கடைத் துவக்குன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும் மொதலாளி. வேற துவக்கு இருக்கு, குடு குடுன்னு அடிக்கிறாங்களாம். இல்லாதத எங்கேருந்து குடுக்கிறது?"

"என்னட்ட யாரும் வந்து கேக்கல்லயே, மகள்" என்றார் காமில்.

"கேட்டாச் சொல்லுவீங்கதானே?"

"கேட்டாச் சொல்லுவேன்."

அவள் இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் போனாள். உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி ஸைனப் திரைக்கு வெளியே வந்தாள்.

"அண்டைக்கு வந்த அதிகாரி என்ன கேட்டுட்டுப் போனார்?"

காமில் காலி அலுமாரியின் கண்ணாடியைத் துடைக்கப் போனார். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு ஸரூக் வந்தால் தேத்தண்ணி ஊற்ற அவள் எழும்புவதில்லை. காமில் பக்கத்துக் கடையில் சொல்லி எடுப்பித்தார்.

ஒரு வருஷம் கழிந்து துவக்குகள் திரும்பி வந்தன. துருப்பிடித்து, கட்டை கீறி, சிலது குழல் நசுங்கி. கோணக் கழுத்துக்குப் பெரிய சேதமில்லை. ஸரூக் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "நானா, இந்தக் கட்டையக் கழட்டிட்டு நேர்க்கட்டை ஒண்டு போடுங்க" என்றார்.

காமிலுக்கு முதலில் விளங்கவில்லை. "இதுதானே இதுல அழகு?"

"அழகு சரி. நாளைக்கு யாராச்சும் படத்தையும் பாத்து, துவக்கையும் தோள்ல வெச்சிப் பாத்தா என்ன கேப்பான்? இதால நீ எப்பிடிப் புலி சுட்டாய் எண்டு கேப்பானா இல்லையா? பழசை எரிச்சிருங்க."

காமில் மஹோகனிப் பலகை ஒன்றை எடுத்து நேர்க்கட்டை செதுக்கினார். நன்றாகத்தான் செய்தார். வளைந்த கட்டையைக் கழற்றிப் பின்னறையில் வேலை மேசைமேல் போட்டிருந்தார். எரிக்க மனம் வரவில்லை. வைத்திருக்கவும் பயமாக இருந்தது.

அந்த நாட்களில்தான் கணபதியை விட்டார்கள். குற்றம் எதுவும் எழுதாமல், கொண்டுபோனது போலவே ஒரு ஜீப்பில் ஏற்றிப் பெரிய றோட்டில் இறக்கிவிட்டார்கள். வலது கை விரல்கள் முறிந்து கோணலாகப் பொருந்தியிருந்தன. காவல் வேலைக்கு வேறு ஆள் போட்டாயிற்று. ஒரு வாரம் கழித்து அவன் பாக்கியலெட்சுமியோடு கடைக்கு வந்தான்.

வாசலில் அவர்களைக் கண்டதும் காமில் எழும்பி நின்றுவிட்டார். "வா கணபதி. இரு" என்றார். அவன் முன்பு ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அன்றைக்கு உட்கார்ந்தான். நிற்க முடியவில்லை.

"மொதலாளியக் கோவிச்சிக்க வரலீங்க" என்றான். "ஒரு காரியம். அந்தத் துவக்க ஒருக்கா நான் பாக்கணும்."

"எதுக்கு?"

"நீ அதத் தொட்டதே இல்ல, மொதலாளியே சொல்லிட்டாரு, புரொக்டரும் சொல்லிட்டாருன்னு சொல்லிச் சொல்லி அடிச்சாங்க. ரொம்ப நாளு. கடசியில எனக்கே ஒண்ணும் வெளங்கலீங்க. தொட்டேனா, இல்ல கனவு கினவு கண்டேனான்னு தோணிப்போச்சு. அப்பிடி ஒரு துவக்கு, கழுத்து வளஞ்சு, ஒத்தக்கண்ணுக்குன்னே செஞ்சது... யாருகிட்டச் சொன்னாலும் சிரிக்கிறாங்க. ஒருக்கா தோள்ல வச்சுப் பாத்துட்டேன்னா எனக்குப் போதும்."

பின்னறைக்கும் அவர் நின்ற இடத்துக்கும் நடுவில் ஒரு திரைதான். அங்கே போய் வளைந்த கட்டையை எடுத்து வந்து அவன் மடியில் வைத்திருக்கலாம். அன்றைக்கு அதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை, எந்த அதிகாரியும் கடையில் இல்லை. காமிலின் வாய் அதற்குள் சொல்லிவிட்டது.

"அது இன்னும் பொலிஸில இருந்து வரல்ல, கணபதி."

"வரலீங்களா?" அவன் தலை குனிந்தான். சட்டைப் பையிலிருந்து மாத்திரை ஒன்றை இடது கையால் எடுத்தான். "கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?"

காமில் அசைவதற்குள் பாக்கியலெட்சுமி திரையை விலக்கிக்கொண்டு பின்னறைக்குள் போய்விட்டாள். பானையின் மூடியை எடுத்த சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. காமில் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் வரும்போது ஒரு கையில் தண்ணீர்க் கோப்பை இருந்தது. மற்றக் கையில் வளைந்த கட்டை இருந்தது. கோப்பையை மேசையில் வைத்தாள். கட்டையைப் புருஷனிடம் நீட்டினாள்.

"நீங்க சொன்னது இதானா பாருங்க."

கணபதி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குழல் இல்லை, பூட்டு இல்லை. வெறும் மரம். முறிந்த விரல்களால் பிடிப்பது கஷ்டமாக இருந்தது. தோளில் வைத்தான். வளைவு கன்னத்தில் போய் உட்கார்ந்தது. ஒன்றுமில்லாத இடத்தை இடது கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா புள்ள" என்றான். "இதேதான். நான் பொய் சொல்லல."

"நான் எப்ப நீங்க பொய் சொன்னீங்கன்னேன்?" என்றாள் அவள்.

காமில் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார். "நீ எடுத்துக்கிட்டுப் போ கணபதி. அது ஒனக்குத்தான் பொருந்தும்" என்றார்.

கணபதி மனைவியைப் பார்த்தான். அவனுக்கு ஆசை இருந்தது. அவள் அதை அவன் கையிலிருந்து மெல்ல எடுத்து மேசையில் வைத்தாள்.

"வேணாம் மொதலாளி. துவக்குக் கட்ட வச்சிருக்கான், குழாய எங்க ஒளிச்சேன்னு கேட்டு மறுபடி ஏத்திக்கிட்டுப் போவாங்க. அப்பவும் நீங்க வந்து, இது என் கடைக் கட்ட இல்லன்னுதான் சொல்லுவீங்க."

அவனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். தண்ணீர் வைத்தபடியே இருந்தது. மாத்திரையை அவன் குடிக்கவில்லை.

அன்று பின்னேரம் ஸரூக் வந்து, "பழசை எரிச்சாச்சா?" என்று கேட்டார். "இப்பதான்" என்றார் காமில். அவர் போன பிறகு, கொல்லையில் வெந்நீர் அடுப்பில் கட்டையை வைத்தார். வருஷக்கணக்காக எண்ணெய் குடித்து ஊறிய மரம். பெரிய சுவாலையாக எரிந்தது. ஸைனப் குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

எழுபத்துமூன்றில், இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி, கணபதியின் குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகப் பெயர் வந்தது. எப்போதோ பதிந்து வைத்தது. அவர்கள் ரயிலேறிப் போய்விட்ட செய்தியைத் தோட்டா வாங்க வந்த புதுக் காவல்காரன்தான் சொன்னான். திருச்சிப் பக்கமா, நீலகிரியா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஸ்டேஷனுக்குப் போயிருக்கலாமே என்று காமில் நினைத்தார். போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்றும் நினைத்துப் பார்த்தார்.

பிறகும் சனிக்கிழமைகள் வந்தன. பழைய டொக்டரும் கச்சேரிக்காரரும் மாற்றலாகிப் போய்ப் புது ஆட்கள் வந்திருந்தார்கள். ஸரூக் மட்டும் அதே நாற்காலியில் இருந்தார். ஒருநாள் புதிதாக வந்த சின்னத்துரை ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டுக் கதை கேட்டார். ஸரூக் சொன்னார். பின்காலில் பட்டது, அது பாறையில் ஏறி வந்தது, மற்றவனுடைய கை நடுங்கித் தோட்டா விழுந்து உருண்டது, தான் இரண்டு குழலையும் ஒன்றாக வெடித்தது. நல்ல கதைசொல்லி அவர். எல்லாரும் மூச்சுவிடாமல் கேட்டார்கள். அந்த மற்றவன் யார் என்று சின்னத்துரை கேட்டார். ஸரூக் சிரித்துக்கொண்டு காமிலைக் கண்ணால் காட்டினார்.

காமில் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார்.

"இவர் சுடல்ல" என்றார். "பெல்ஹேவன் தோட்டத்துக் கணபதி சுட்டான். ஒத்தக்கண்ணன். கை நடுங்கினது இவருக்கு."

சின்னத்துரை மேசையில் இருந்த அந்த இரட்டைக்குழல் ரைபிளை எடுத்துத் தோளில் வைத்தார். அவருக்கு நன்றாகவே பொருந்தியது.

"எந்தக் கண் இல்ல அந்த ஆளுக்கு?"

"வலது கண்."

"வலது கண் இல்லாம இத எப்பிடிச் சுட்டான்?"

"அப்ப கட்டை வேற. வளஞ்ச கட்டை. வலது தோள்ல வெச்சி இடது கண்ணால பாக்கிறதுக்கு லண்டன்ல செஞ்சது. நான்தான் அளவெடுத்து அனுப்பினேன்."

"அந்தக் கட்டை எங்க?"

"எரிச்சிட்டேன்."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஸரூக்கும் சிரித்தார். எழும்பி வந்து காமிலின் தோளில் கையைப் போட்டார்.

"நானாக்கு வயசு போய்ட்டு. கொஞ்ச நாளா இப்பிடித்தான். நீங்க ஒண்டும் நினைக்காதீங்க சேர்" என்றார். தோளை இரண்டு தரம் தட்டினார். "எல்லாருக்கும் தேத்தண்ணி சொல்லுங்களேன் நானா."

காமில் எண்ணெய்த் துணியை மடித்து வைத்தார். பிறகு எழும்பி, பக்கத்துக் கடைக்குப் போய், எல்லாருக்கும் தேத்தண்ணி சொல்லிவிட்டு வந்தார்.